வெள்ளைத் துணியில் சுற்றிய பைனாகுலர்

"ரொம்ப மட்டமும் வேணாம், ரொம்ப ஒசத்தியும் வேணாம், நடுவுல இருக்கறதா காட்டுங்க." சென்னையில் கேமரா விற்கும் ஒரு கடையில் நான் இப்படித்தான் பைனாகுலர் கேட்டேன். எங்கள் ஊருக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் கேட்கிற மாதிரி. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையனுக்காம்மா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். அவர் நான்கைந்து பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நானே ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்து, எதிர்ப்பக்கக் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் படித்துப் படித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஆரணி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். கல்யாணம் ஆகவில்லை. முதலில் ஜாதகத்தில் ஏதோ இருந்தது, பிறகு வயதும் சேர்ந்துகொண்டது. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை என்னுடையது. கீழே அண்ணனின் தறிகள். நாள் முழுவதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களை முகம் தெரியாதவர்களோடு சேர்த்துவிடுவது என் வேலை. பம்பாய் வியாபாரி, களம்பூர் அரிசி மில்காரர், வெளியூரில் பிள்ளை பெற்றிருக்கும் மகளின் குரலைக் கேட்கத் துடிக்கும் அம்மா, எல்லோரும் என் வழியாகத்தான் பேசினார்கள். என்னோடு யாரும் பேசவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். குறையாகத்தான் சொல்கிறேன்.

பறவைப் பைத்தியம் அந்த நிலையத்தின் பின்பக்க ஜன்னலில் தொடங்கியது. வெளியே ஒரு புங்கமரம். ஒரு மத்தியானம் மஞ்சளாக எதுவோ அதில் வந்து உட்கார்ந்தது. எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் போய்விட்டது. அதைப் போல எரிச்சல் தந்த விஷயம் வேறில்லை. நூலகத்தில் பறவைப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து அது மாங்குயில் என்று தெரிந்துகொண்டேன். பிறகு எந்த மரத்தையும் சும்மா தாண்ட முடியவில்லை. சம்பள அரியர்ஸ் வந்தபோது உடன் வேலை செய்தவர்கள் கம்மலும் வளையலும் செய்தார்கள். நான் பைனாகுலரோடு வந்து இறங்கினேன். "இத்த காதுல மாட்டிகினு கல்யாணத்துக்கு போவியா?" என்று அண்ணி கேட்டாள். அண்ணி பேச்சில் உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் சமையலில் சரியாக இருக்கும்.

நடுத்தர விலைப் பைனாகுலருக்கு நடுத்தரக் குடும்பத்தின் குணம்தான். பார்த்தால் குறை தெரியாது, பழகினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். நடுவில் பார்த்தால் துல்லியம். ஓரத்துக்குப் போனால் எல்லாம் கலங்கும். வார் கழுத்தை அறுக்கும். மார்கழி விடியற்காலையில் தெளிவு கூட்டும் குமிழைத் திருப்பினால் உள்ளே எண்ணெய் உறைந்த மாதிரி நகர மறுக்கும். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்காக ரப்பர் விளிம்பை மடக்கிக்கொள்ளலாம் என்றார்கள். மடக்கி மடக்கி ஒரு பக்கம் கிழிந்தது. வலது கண்ணுக்கென்று தனியாக ஒரு வளையம் உண்டு. அதை நம் கண்ணுக்கு ஏற்ற இடத்தில் வைத்துவிட்டால் பிறகு யாரும் தொடக்கூடாது. இத்தனையும் இருந்தும், அதன் வழியாக முதல் முறை ஒரு மீன்கொத்தியைப் பார்த்தபோது, அலகின் நுனியில் ஒரு துளித் தண்ணீர் தொங்குவது தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லாதது வசதியாக இருந்தது.

பறவை பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். எங்கள் தெருவில் அதுதான் பாவு நீட்டும் நேரம். வெயில் ஏறுவதற்கு முன் பட்டிழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பார்ப்பார்கள். நடுவில் குறுக்கே போக முடியாது. பாவு முடியும் இடம் வரை ஓரமாகவே நடக்க வேண்டும். அதாவது, தெருவில் உள்ள அத்தனை பேரும் என்னையும் என் கழுத்தில் தொங்குவதையும் நிதானமாகப் பார்த்து முடிப்பார்கள். "இன்னாம்மா, சினிமா எடுக்க போய்கினு கீறியா?" என்று ஒருவர். "பாத்துகினு வா, எங்கியாவது மாப்ள கீறானான்னும் பாரு" என்று ஒரு கிழவர். நானும் சிரித்துவிட்டுத்தான் போவேன். சிரிக்காவிட்டால் மறுநாளும் அதையே சொல்வார்கள். சிரித்தாலும் சொன்னார்கள்.

நான் பறவை பார்க்கப் போகிற ஊர் ஏரியில் வேறு தொல்லை. தண்ணீர் வற்றிய பக்கத்தில் சிலர் சத்தமில்லாமல் பயிர் வைத்திருந்தார்கள். கரையில் ஒரு பொம்பளை நின்று பைனாகுலரில் பார்த்தால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், ஏரிய அளக்க வந்துகிறீங்களா? நாங்க ரொம்ப நாளா பயிர் வெச்சிகினு கீறோம் மேடம், கொஞ்சம் பாத்து செய்ங்க." நான் வாத்து பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த முறை எனக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அண்ணி அன்றுதான் முதல் முறையாகப் பைனாகுலரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாள்.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் பறவை பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கஷ்டம் உண்டு. அரிதாக ஒன்றைப் பார்த்ததும் வாய் தானாகத் திறக்கும், "பாத்தியா!" என்று சொல்வதற்காக. பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். திறந்த வாயை மூடிக்கொள்ள வேண்டும். நானும் படவேட்டுக்கு உள்ள ஒன்றிரண்டு பஸ்களில் ஏறி மலையடிவாரத்துக்குப் போயிருக்கிறேன், களம்பூர் மில் வாசலில் சிந்திய நெல்லுக்கு வரும் சில்லைக் குருவிகளைப் பார்த்து நின்றிருக்கிறேன். எங்கே போனாலும் இப்படி வாயை மூடிக்கொண்டுதான் திரும்பினேன். ஒருமுறை பனங்காடை ஒன்று சிறகை விரித்துக் காட்டிய நீலத்தை டூட்டியில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "அப்படியா அக்கா" என்றாள். அப்படியா என்பதற்கு மேல் அவள்தான் என்ன சொல்வாள்!

அவரை நான் முதலில் பார்த்தது பைனாகுலர் வழியாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியின் எதிர்க்கரையை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாமக்கோழிகள், நத்தைகுத்தி நாரை ஒன்று, ஒரு வேலிக்காத்தான் புதர், அதற்குப் பக்கத்தில் ஒரு பெண். அவரும் கண்ணில் பைனாகுலரை வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருவரும் ஒரே நேரத்தில் கீழே இறக்கினோம். வெறும் கண்ணுக்கு அவர் ஒரு புள்ளி. திரும்ப உயர்த்தினேன், அவரும் உயர்த்தியிருந்தார், கையையும் ஆட்டினார். கரையைச் சுற்றிக்கொண்டு அவரே வந்து சேர்ந்தார். பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ, மூச்சு வாங்கியது. "இந்த ஊர்ல நான் மட்டுந்தான் லூசுன்னு நெனச்சிகினு இருந்தேங்க" என்றார்.

வேளாண்மைத் துறையில் அதிகாரி. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், ஆரணிக்கு மாற்றலாகி வந்திருந்தார். கணவர், மகள், மகன் என்று முழுக் குடும்பம் உண்டு. அவர்களில் யாருக்கும் காகத்துக்கு மேல் பறவை தெரியாது. நான் அவரை மேடம் என்றேன். அவர் என்னை "எக்சேஞ்ச் மேடம்" என்றார். மூன்று குளிர்காலம் எங்களுக்குக் கிடைத்தது. அவருடைய பைனாகுலரும் நடு விலைதான், ஆனால் வேறு வகை. அது கனம், என்னுடையது லேசு. அதில் வெளிச்சம் கூடுதல், என்னுடையதில் அகலம் கூடுதல். மாற்றி மாற்றிப் பார்ப்போம். பார்த்துவிட்டு, "என்னுதுதான் தேவலை" என்று இருவரும் சொல்வோம். வலது கண் வளையத்தைத் திருப்பிவிட்டதாக ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுவோம். ஒரு நாள் நான், "நீர்க்காகத்துக்கு சுத்தி ஊதா பார்டர் இருக்கில்ல மேடம், அழகு" என்றேன். அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார், அத்தனை சிரிப்பு. "அது பறவையில இல்லைங்க, நம்ம கண்ணாடியோட கோளாறு. வெல கொறஞ்ச கண்ணாடில கருப்பு மேல வெளிச்சம் பட்டா அப்படித்தான் ஓரம் ஊதாவா தெரியும்." எங்கள் ஊரில் எதற்கும் பார்டர் உண்டு, நீர்க்காகத்துக்கும் இருக்கும் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன்.

அந்த மூன்று குளிர்காலத்தில் எனக்கு எத்தனை பறவைகள் தெரிய வந்தன என்பது பெரிதில்லை. வாயைத் திறந்தால் பக்கத்தில் ஆள் இருந்தது. "பாத்தீங்களா?" "பாத்தேன், பாத்தேன்." அவ்வளவுதான் பேச்சு. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அதை இழந்துவிடக்கூடாது என்ற பயம் முதல் நாளிலிருந்தே இருந்தது, ஏனென்றால் அரசாங்க அதிகாரி என்றால் இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ.

தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. "இன்னா இப்போ, மார்கழில ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்துடறேன். வரித்தலை வாத்து வந்தா நான் இல்லாம பாக்காதீங்க" என்றார். வரித்தலை வாத்து வடக்கே இமயமலையைத் தாண்டி வருவது. எங்கள் ஏரிக்கு வந்ததாக யாரும் சொன்னதில்லை, வரும் என்று நாங்கள் இருவர் மட்டும் நம்பினோம். முதலில் வாராவாரம் போன் செய்தார். பிறகு மாதம் ஒரு முறை. அந்த மார்கழியில் மகளுக்குப் பரீட்சை, வர முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதனால் அதைப் பைனாகுலர் மேல் காட்டினேன். இனி அவர் வரும்போது எடுத்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

வீம்பு என்று சொல்லலாம். ஆனால் நான் அதைத் தூக்கி எறியவில்லை, அருமையாகத்தான் எடுத்து வைத்தேன். எங்கள் வீடுகளில் விலை கூடிய பொருளைப் பத்திரப்படுத்த ஒரே ஒரு முறைதான் தெரியும், பட்டின் முறை. பட்டுக்கு வெயில் ஆகாது, வெளிச்சம் ஆகாது, காற்றும் அதிகம் ஆகாது. கட்டாத பட்டைத் துவைத்த வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில், இருட்டில் வைப்போம். சரிகை கறுக்காது, நிறம் போகாது. அப்படித்தான் பைனாகுலரையும் லென்ஸைத் துடைத்து, மெத்தென்ற வெள்ளைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அம்மாவின் கூறைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். இரண்டு ஐப்பசி மழை அதன் மேல் போயிற்று. அந்த நாட்களில் விடியற்காலையில் நான் மாடியில் படுத்துக்கொண்டு, தெருவில் பாவு நீட்டுகிறவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இதற்குள் நிலையம் முழுக்கத் தானியங்கியாகிவிட்டது. என்னை பில் கட்டும் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். குரல்களும் போய்விட்டன.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு தை மாதம் அவர் போன் செய்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அந்த வேலையாக வேலூருக்கு வந்திருந்தார். "பட்டு எடுக்க ஆரணி வந்துகினு இருக்கேங்க. ஞாயித்துக்கிழம காலைல மொத பஸ்ஸுல வந்துடறேன். ஏரிக்கும் போய்ட்டு வந்துடலாம். என்னோட பைனாகுலர பையன் காலேஜ் டூருக்கு எடுத்துகினு போய் தொலச்சிட்டான், உங்களுதுல பாத்துக்கலாம்." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு முள்ளும் தைத்தது. பட்டு எடுக்கத்தானே வருகிறார், வழியில் நான். இருக்கட்டும் என்று, பட்டு காட்டுவதற்கு அண்ணனிடமும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, சுற்றிய துணியோடு அப்படியே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பிரித்துப் பார்க்கவே இல்லை. பட்டாக இருந்தால் பார்த்திருப்பேன். ஏரிக் கரையில் நின்று துணியை அவிழ்த்து, கண்ணில் வைத்தேன். பால். எங்கும் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை. குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். வானத்துக்கு நேராகத் தூக்கித் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. லென்ஸுக்கு உள்ளே பூஞ்சை. நடுவிலிருந்து வேர்விட்டு, கிளைவிட்டு, இடது பக்கம் கொஞ்சமாகவும் வலது பக்கம் முழுவதுமாகவும் படர்ந்திருந்தது.

அவர் வாங்கிப் பார்த்தார். "துணில சுத்தி வெச்சிகினு இருந்தீங்களா? பீரோவுலயா?" என்றார். "நல்லாத்தான் வெச்சேன்" என்றேன். "இதுக்கு வெளிச்சமும் காத்தும் வேணுங்க. சும்மா ஆணில மாட்டி வெச்சிருந்தாலே போதும்." அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. முந்தானையால் துடைத்தேன், உள்ளே இருப்பதை வெளியே துடைத்தால் போகும் என்பது போல. வெயிலில் காட்டினேன். சின்ன ஸ்க்ரூ ஒன்று இருந்தது. சேஃப்டி பின்னைக் கழற்றி அதைத் திருகப் பார்த்தேன். ஏரியின் நடுவில், தூரத்தில், சாம்பலாக ஒரு கூட்டம் மிதந்தது. கழுத்து நீளமாகத் தெரிந்தது. வரித்தலை வாத்தாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். "மேடம், அது அதுதானோ?" என்றேன். அவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கட்டுங்க, உக்காருங்க" என்றார்.

நான் உட்கார்ந்தேன், பின்னும் கையுமாக. அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். "வீட்ல அவருக்கு போன வருஷம்..." "ஒரு நிமிஷம் மேடம், இந்த ஸ்க்ரூ கொஞ்சம் அசையுது" என்றேன். அவர் நிறுத்திக்கொண்டார். ஸ்க்ரூ அசையவில்லை. பின் வளைந்தது. அந்தக் கூட்டம் எழுந்து, ஏரியைத் தாண்டித் தெற்கே போனது. அது போன பிறகும் நான் அந்த லென்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளில் தட்டி, "பன்னெண்டு மணி பஸ்ஸ புடிக்கணுங்க, சம்மந்தி வீட்ல இருந்து வராங்க" என்றார்.

வேலூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எனக்கு மனம் ஆறவில்லை. வந்ததே பட்டுக்காக, வாத்தும் இல்லை, பட்டுமில்லை என்று போகிறாரே என்று பட்டது. "பட்டு எடுக்கணும்னீங்களே மேடம். அண்ணன் எடுத்து வெச்சிகினு காத்துகினு இருக்காரு. எடுக்காமலே போறீங்க?" என்றேன். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சிரித்தார். "பட்டெல்லாம் போன மாசமே எடுத்தாச்சுங்க. சும்மா உங்கள பாத்துட்டு வரேன்னா வீட்ல விடுவாங்களா? அதான் இன்னும் ஒரு பட்டு பாக்கின்னு சொல்லிட்டு வந்தேன். உங்களத்தான் பாக்க வந்தேன்." அதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் போனேன். மேடையில் வரிசையில் நின்று, போட்டோவுக்கு அவர் பக்கத்தில் நின்று, "இருந்து சாப்ட்டுட்டு போங்க" என்று அவர் சொல்ல, சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவர் கணவருக்கு என்ன ஆயிற்று என்று பிறகு ஒரு முறை போனில் கேட்டேன். "அதெல்லாம் சரியாயிடுச்சுங்க" என்றார். பைனாகுலரைச் சென்னையில் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார்கள். லேசான மங்கல் இருந்தாலும் பார்க்கலாம். திரும்ப ஏரிக்குப் போகத் தொடங்கினேன், தனியாக.

அந்தப் பூஞ்சை எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் அப்படியே வரைந்து காட்டுவேன், எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்பது வரை. அன்று அவர் என்ன நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு வந்தார் என்று கேட்டால், ஆரணியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது.